கல்லடிக் கடற்கரையில் கைட், விண்ட்சர்ஃப் இறக்கும் இடத்தை இழக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கல்லடிப் பொடியன்

அண்ணன்மார், அக்காமார், கடலில் இறங்கிப் பழகிய யாராவது இருந்தால் இதை முழுக்க வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் கைட் போர்ட் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் போவது), இரண்டு பேர் விண்ட்சர்ஃப் (பாய் பூட்டிய பலகை). மேற்குக் கரையில் கற்பிட்டியில் வேலை செய்த காலத்தில் பழகியது. அங்கே வெள்ளைக்காரர் பாவித்துக் கழித்த சாமான்களை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம், ஒரு 12 சதுர மீற்றர் கைட், ஒரு 9, பாய் இரண்டு தடவை தைத்த ஒரு பழைய விண்ட்சர்ஃப் பலகை. இரண்டு வருடமாக மட்டக்களப்பில் கல்லடிக்கும் நாவலடிக்கும் இடையில் இறங்குகிறோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

போன மாதம் எல்லாம் மாறிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் காற்று நன்றாக இருக்கிறதே என்று இறங்கினோம். நண்பனின் கைட் தண்ணீரில் விழுந்து, நூல் நேரே கரைவலைக் கயிற்றில் போய்ச் சுற்றியது. இழுத்துக்கொண்டிருந்த இருபது முப்பது பேரும் நிற்க வேண்டி வந்தது. சிக்கெடுக்க வந்த ஒரு ஐயாவின் கையை நூல் அறுத்துவிட்டது. மருந்து கட்டக் கூட்டிப்போனோம், மன்னிப்புக் கேட்டோம், அவர் பெரிதாகக் கோபிக்கவில்லை. ஆனால் மீனவர் சங்கத்தில் பேசி எங்களை முழுதாக நிறுத்தப்போவதாகக் கேள்விப்படுகிறோம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும்.

அது ஒன்று. நாங்கள் சாமான் தூக்கிப்போகும் ஒழுங்கையின் கடைசியில் ஒரு தங்குமிடக்காரர் கம்பி வேலி அடித்துக் கேற் போட்டுவிட்டார். மூன்றாவது, வீட்டுக்கே சொல்லாதது: கச்சான் (நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று) அடித்த ஒரு நாள் எங்களில் ஒருவன் திரும்பி வர முடியாமல் வெளியே போய்விட்டான். தற்செயலாக வந்த வள்ளத்தில்தான் கரை சேர்ந்தான்.

இந்தக் கரையை விட்டுக்கொடுக்க மனமில்லை. எங்கே தொடங்குவது?

மடிவலை

தம்பி, நான் பூநொச்சிமுனைப் பக்கம். வாப்பாவும் மூத்தவாப்பாவும் கரைவலைதான், நானும் பதினைந்து வயது வரைக்கும் இழுத்தவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தண்ணீரில் உனக்குத் தெரிவது மிதவை மட்டும்தான். தோணி கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வெளியே போய், வலையை வளைத்துப் போட்டு, மற்ற நுனியோடு தூரத்தில் கரைக்கு வரும். இரண்டு நுனிக்கும் நடுவில் இருக்கும் கடல் முழுக்க அந்த நேரத்துக்கு அவர்களுடைய வலைதான். கயிறு தண்ணீருக்குக் கீழே கிடக்கும், பலகையில் நிற்பவனுக்குத் தெரியாது. இழுத்து மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கு வர மணிக்கணக்காகும். நடுவில் நிறுத்தினால் வலை தளர்ந்து மீன் வெளியே போய்விடும். அன்றைக்கு நீங்கள் நிறுத்தியது அரை மணி நேரம் என்றாலும், அங்கே நின்ற இருபது வீட்டுக்கும் அன்றைய கறியும் காசும் அதில்தான் இருந்தது. கரைவலையில் கூலி கிடையாது, பட்ட மீனில் பங்கு. இதை உன் கூட்டாளிமாருக்கும் விளங்கப்படுத்து.

ஒவ்வொரு வலைக்கும் பாடு இருக்கிறது, இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்று. கடல் அமைதியான மாதங்களில், சித்திரைக்குப் பிறகு, வலை வளைப்பு கூடும். பெரும்பாலும் விடியக்காலையும் காலையும்தான். உங்களுக்குப் பின்னேரம் காற்று வரும் என்றால் சண்டைக்கே இடமில்லை. யாருடைய பாடு, எத்தனை மணிக்குக் கடைசி வலை ஏறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஃபோனில் கேட்காதே. வாடிக்கு, கரையில் அவர்கள் தங்கும் கொட்டிலுக்குப் போ, தேத்தண்ணீர் குடி, கை அறுபட்ட ஐயாவையும் போய்ப் பார்.

காற்றுப்பக்கம்

நான் கற்பிட்டியில் ஆறு சீசன் கைட் சொல்லிக்கொடுத்தேன், ஊர் வாழைச்சேனை. உன்னுடைய மூன்றாவது விடயத்தில்தான் எனக்குத் தூக்கம் வராது, அதனால் அதையே முதலில் எடுக்கிறேன்.

கற்பிட்டியில் பழகிய எல்லாரும் கிழக்குக் கரைக்கு வந்து விடுகிற பிழை இது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருகிற அதே காற்று, அங்கே கடலிலிருந்து கரைக்கு வரும், இங்கே நிலத்தைக் கடந்து கச்சானாக, கரையிலிருந்து கடலுக்குப் போகும். அங்கே கைட் விழுந்தால் கரையில் கிடப்பாய். இங்கே விழுந்தால் கிழக்கே போய்க்கொண்டே இருப்பாய், அடுத்த நிலம் நிக்கோபார் தீவுகள், ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். அதிலும் ஏமாற்று ஒன்று இருக்கிறது. தென்னையும் வீடுகளும் மறைப்பதால் கரையில் காற்று மெதுவாகத் தெரியும், தண்ணீரும் தட்டையாக, குளம் மாதிரி அழகாக இருக்கும். இருநூறு முந்நூறு மீற்றர் போன பிறகுதான் முழுப் பலம் பிடிக்கும், திரும்பும்போது கரைக்குக் கிட்டக் காற்றே இல்லாமல் கைட் தொப்பென்று விழும். உன் நண்பனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே கச்சானில் இறங்காதே. எஞ்சின் வள்ளம் ஒன்று, ஓட்டியோடு, கரையில் தயாராக நின்றால் மட்டும் பார்க்கலாம். பின்னேரம் கச்சான் அடங்கிக் கடற்காற்று திரும்புகிற நாட்கள் உண்டு, அதுதான் உங்கள் நேரம். மடிவலை சொன்ன கணக்கோடும் அது பொருந்துகிறது, பார்.

வாடைக் காலத்தில், வடகிழக்குக் காற்று வரும்போது, ஆபத்து நேர் எதிர்ப்பக்கம். காற்று கரையை நோக்கி அடிக்கும், கட்டுப்பாடு போனால் மரத்தில், வேலியில், மின்கம்பியில் கொண்டுபோய்ச் சாத்தும். கைட்டை ஏற்றும்போது காற்றுப் போகும் பக்கம் குறைந்தது இரண்டு நூல் நீளம், 24 மீற்றர் நூல் என்றால் 50 மீற்றராவது, ஆளும் பொருளும் இல்லாமல் இருக்க வேண்டும். கல்லடியில் பின்னேரம் சனம் கூடும் இடத்தில் அது நடக்காத காரியம், வடக்கே தள்ளிப் போங்கள். பிள்ளைகள் பட்டம் என்று நினைத்து நூலைப் பிடிக்க ஓடி வருவார்கள். இழுவையில் இருக்கும் நூல் சதையை அறுக்கும், ஐயாவின் கையில் கண்டுவிட்டீர்கள். ஒருவர் கைட் ஏற்றினால் இன்னொருவர் கரையில் சனத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது.

குயிக் ரிலீஸ் (அவசரத்தில் கைட்டின் இழுவையை விடுவிக்கும் பிடி) எத்தனை நாளைக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறீர்கள்? உப்பும் மணலும் ஏறினால் அது இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் இறங்குமுன் இழுத்துப் பாருங்கள். முதல் ரிலீஸ் இழுவையைக் கொல்லும், கைட் ஒற்றை நூலில் தொங்கும். அதற்கும் அடங்காவிட்டால் லீஷில் (ஆளையும் கைட்டையும் இணைக்கும் பாதுகாப்புக் கயிறு) உள்ள இரண்டாவதை இழுத்துக் கைட்டையே விட்டுவிட வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் போகிறதே என்று யோசிக்கும் அந்த ஒரு நொடிதான் ஆளைக் கொல்வது. கரைவலைக் கயிற்றில் சிக்கினாலும் இதே வேலைதான், இழுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

விண்ட்சர்ஃப் தம்பிமாருக்கு ஒன்று: பலகையை விட்டு நீந்தாதீர்கள். காற்று விழுந்தால் பாயைச் சுருட்டிப் பலகையில் வைத்துப் படுத்துக் கையால் துடுப்புப் போடுங்கள், முடியாவிட்டால் பாயையும் அது பூட்டிய கம்பையும் கழற்றி விட்டுவிடுங்கள், பலகையை மட்டும் விடாதீர்கள். வள்ளம் தூரத்தில் தெரிந்தால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும், திரும்பத் திரும்ப. ஒற்றைக் கையை ஆட்டினால் சும்மா கை காட்டுகிறான் என்று அவர்களும் காட்டிவிட்டுப் போவார்கள்.

மழைக்காலத்தில் முகத்துவாரப் பக்கம் வேண்டவே வேண்டாம். வாவி உடைத்துப் பாயும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் அந்த வாயால் வேகமாகக் கடலுக்குப் போகும். பழகுவதற்கு வாவி நல்லது என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள், முதலை இருக்கிறது, கம்பும் வலையும் நட்டிருக்கிறது, மேற்குக் கரையில் விமான நிலையமும் இருக்கிறது, அங்கே கேட்காமல் பட்டம் ஏற்றுவது பெரிய பிழை.

பொத்துவில் காக்கா

அறுகம்பையில் வள்ளமும் சர்ஃப் போர்டும் ஒரே கரையில்தான் கிடக்கிறது. சண்டை வராத நாள் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வள்ளம் ஏறி இறங்கும் இடத்தில் நீ படுக்கக்கூடாது, நீந்தக்கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதி வைத்த சட்டம் இல்லை, பழக்கம். உங்கள் ஊரில் உங்கள் விளையாட்டு புதிது, அதனால் அந்தப் பழக்கத்தை நீங்கள்தான் தொடங்க வேண்டும் மகன். இன்னொன்று, அவர்களின் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு உங்கள் பலகையில் நிற்கப் பழக்குங்கள். இங்கே சர்ஃப் சொல்லிக்கொடுக்கும் பெடியன்களில் மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன்களும் இருக்கிறார்கள். தன் மகனே கடலில் நிற்கும்போது எந்த வாப்பா தடை கேட்பார்?

வேலி

நான் அரச அலுவலகத்தில் இருந்து இளைப்பாறியவள், அந்த வேலி விடயத்தில் மட்டும் சொல்கிறேன் தம்பி.

கோபத்தில் கேற்றை உடைக்கப் போகாதீர்கள், அதோடு குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். 1981 இன் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை எதுவும் செய்வதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனால் முதலில் தெரிய வேண்டியது இரண்டு: அந்த ஒழுங்கை பொதுப் பாதையாக வரைபடத்தில் இருக்கிறதா, வேலிக்கு அனுமதி எடுத்ததா. பிரதேச செயலகத்தில் வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். எழுத்தில் கேளுங்கள். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மாநகர சபைக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கடிதத்தை ஐந்து விளையாட்டுக்காரப் பொடியன்களாக எழுதாதீர்கள். அந்த ஒழுங்கையால் வலை தூக்குகிறவர்களும் போவார்கள்தானே, கடற்கரைக்கு நடக்க வரும் சனமும் போகும். மீனவர் சங்கமும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் அது வேறு கடிதம். சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கம் கடலுக்குப் போகும் ஒவ்வொரு வழியும், கடலை விட்டு ஓடும் வழியும்தான். இதையும் எழுதுங்கள். நாவலடியில் 2004 இல் என்ன நடந்தது என்று அந்த மேசையில் இருப்பவருக்கும் தெரியும்.

தூரத்துக் காற்று

நான் இப்போது கலிபோர்னியாவில், பிறந்தது ஆரையம்பதி. இங்கே சான் பிரான்சிஸ்கோ குடாவில் விண்ட்சர்ஃப்காரர் சேர்ந்து ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள், கரையில் இறங்கும் வழிகளைக் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. கரையோரத்தில் ஏதாவது கட்டப்போகிறார்கள் என்றால் திட்டம் முடிந்த பிறகு கத்துவதில்லை, கூட்டம் நடக்கும்போதே போய் உட்கார்ந்து, பாய் விரிக்க இவ்வளவு இடம், வாகனம் நிறுத்த இவ்வளவு இடம் என்று கேட்கிறார்கள். கப்பல் போகும் பாதையில் குறுக்கே போகாதே என்று தங்கள் ஆட்களுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐந்து பேர் என்றாலும் ஒரு பெயர் வையுங்கள், ஒரு ஆள் பேசட்டும்.

கல்லடிப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. கச்சான் விடயத்தைக் கூட்டாளிமாருக்கு வாசித்துக் காட்டினேன், வெளியே போனவன் ஒன்றும் பேசாமல் இருந்தான், பிறகு தன்னுடைய 12 ஐக் கச்சான் முடியும் வரைக்கும் எடுப்பதில்லை என்று சொன்னான்.

நேற்றுப் பின்னேரம் வாடிக்குப் போனோம். ஐயாவின் கை காய்ந்து வருகிறது. பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரே மணலில் கோடு கீறிக் காட்டினார். கடைசி வலை ஏறினதும் வாடிக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டுவதாகவும், துணி தெரியாமல் நாங்கள் இறங்குவதில்லை என்றும் பேசினோம். எஞ்சின் வள்ளம் வைத்திருக்கும் அவருடைய மருமகனுக்கு நாங்கள் இறங்கும் நாட்களில் எண்ணெய்க் காசு கொடுப்பது, அவர் கரையில் நிற்பது. சங்கத் தலைவர் இன்னும் சரி சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

வேலிக் கடிதத்தின் வரைவை அக்காவுக்குத் தனிச் செய்தியில் அனுப்பலாமா?

வேலி

அனுப்புங்கள் தம்பி. ஒழுங்கையின் பழைய படம் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் சேர்த்து, கல்யாண வீட்டுப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் பாதை தெரிந்தால் போதும்.

மடிவலை

ஞாயிறு நானும் வருகிறேன். தலைவர் வாப்பாவோடு தோணியில் போனவர், நான் பக்கத்தில் இருந்தால் கேட்பார். துணி சிவப்பு வேண்டாம் தம்பி, அந்தியில் தெரியாது, மஞ்சள் கட்டச் சொல்.