கிரீன்ஸ்டோன் பெல்ட்டுக்குத் தமிழில் என்ன? (எசுவாத்தினி நிலவியல், வெள்ளிக்கிழமை கெடு)

ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு எசுவாத்தினி நாட்டின் நிலவியல் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2018 வரை சுவாசிலாந்து என்று அறியப்பட்ட நாடுதான். பரப்பு 17,364 சதுர கி.மீ. அதற்குள் 360 கோடி ஆண்டைத் தாண்டிய பாறையும் உண்டு, கிழக்கு எல்லையில் லெபொம்போ மலையாக நிற்கும் ஏறத்தாழ 18 கோடி ஆண்டு எரிமலைப் பாறையும் உண்டு.

சிக்கல் வடமேற்கு மூலையில். பழைய எரிமலைப் பாறைகள் மிகுந்த நீண்ட நிலக்கீற்றான பார்பர்ட்டன் கிரீன்ஸ்டோன் பெல்ட் தென்னாப்பிரிக்காவிலிருந்து எல்லை தாண்டி அங்கே நுழைகிறது. இப்போதைக்கு "பச்சைக்கல் பட்டை" என்று எழுதியிருக்கிறேன். கட்டுரையில் 23 இடத்தில் வருகிறது. கெடு வெள்ளி மாலை. சரியா, மாற்றவா?

செ. எழுதியது:

> இப்போதைக்கு "பச்சைக்கல் பட்டை" என்று எழுதியிருக்கிறேன்

மாற்றுங்கள். நகைக்கடையில் பச்சைக்கல் என்றால் மரகதம். செங்கல் சூளையில் பச்சைக்கல் என்றால் அறுத்துக் காயவைத்த, இன்னும் சுடாத கல். இந்தப் பாறையோ நன்றாக வெந்த பாறை. கடலடியில் கொட்டிய பசால்ட் குழம்பு ஆறி, பின்னர் புதைந்து, 300 முதல் 450 பாகை செல்சியஸ் வரை சூடேறி, ஊடே நீரும் ஓடியதில் கனிமங்கள் மாறிப்போயின. பைராக்சீன் இருந்த இடத்தில் ஆக்டினோலைட்டும் குளோரைட்டும் வந்தன. ஃபெல்ஸ்பார் ஆல்பைட்டும் எபிடோட்டுமாகப் பிரிந்தது. பச்சை நிறம் குளோரைட், ஆக்டினோலைட், எபிடோட் மூன்றாலும் வந்தது. உடைத்த புது முகத்தில் கரும்பச்சை தெரியும். வெயில்மழை பட்ட மேற்பரப்பு பழுப்பாகத்தான் இருக்கும். படம் போடுவதாக இருந்தால் உடைத்த முகத்தைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் "எங்கே பச்சை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"கல்"லை விட்டுப் "பாறை"க்குப் போனாலே மரகதமும் செங்கலும் ஒழியும். "பச்சைப்பாறைப் பட்டை" என்று வைத்துக்கொள்ளலாம்.

மு. எழுதியது:

அன்புடையீர்,

"பச்சைப்பாறைப் பட்டை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வல்லினம் இத்தனை முறை மோதும் தொடரை ஒரு மாணவன் தேர்வில் பிழையின்றி எழுதுவானா? பண்புப்பெயர் புணரும் முறையை நன்னூல் 136ஆம் நூற்பா தெளிவாகவே வகுத்திருக்கிறது. பசுமை + பாறை: ஈறு போதல், இனமிகல். பசும்பாறை. இன்னும் ஒரு படி மேலே போனால் அடியகரம் ஐயாதலும் சேர்ந்து பைம்பாறை. பைந்தமிழும் பைங்கிளியும் வழங்கும் மொழியில் பைம்பாறைக்கு என்ன குறை?

"பெல்ட்" என்பதற்கும் பட்டை வேண்டாம். பட்டை என்றால் மரப்பட்டை, கறிக்குப் போடும் பட்டை. நிலமகள் இடையைச் சுற்றிக் கிடப்பது மேகலை. "பைம்பாறை மேகலை" என்பதே என் பரிந்துரை.

செ. எழுதியது:

பசும்பாறை நல்ல சொல். ஏற்கிறேன், பச்சைப்பாறையைத் திரும்பப் பெறுகிறேன். பைம்பாறை பாட்டுக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது.

மேகலையில் அழகைத் தாண்டி ஒரு பிழை இருக்கிறது. மேகலை சுற்றி வளைக்கும். இந்தப் பாறைகள் எதையும் சுற்றவில்லை. கிரானைட் வகைப் பாறைகள் பெரிய குமிழ்களாக மேலெழுந்தபோது, எடை கூடிய எரிமலைப் பாறைகள் அவற்றின் இடுக்குகளில் அமிழ்ந்தன. நிலப்படத்தில் நாம் காணும் நீண்ட கீற்று அப்படி இடுக்கில் சிக்கி மடிந்து நிற்கும் மிச்சம். இந்த விளக்கத்தையே மறுத்து, கிடைமட்ட நெருக்கத்தால் மடிந்தது என்பவர்களும் உண்டு. இரண்டில் எது உண்மையானாலும் பட்டை என்ற சொல் தாங்கும், மேகலை தாங்காது.

வேறொன்றையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும். பட்டை முழுவதும் பசும்பாறை இல்லை. அடியில் இருக்கும் ஓன்வர்வாக்ட் தொகுதிதான் பெரும்பாலும் எரிமலைப் பாறை. அதன்மேல் ஃபிக் ட்ரீ, அதற்கும் மேல் மூடீஸ்; இந்த இரண்டிலும் களிப்பாறை, மணற்பாறை, கூழாங்கற்பாறை என்று படிவுகளே அதிகம். மொத்த அடுக்கும் ஏறத்தாழ 355 கோடியிலிருந்து 320 கோடி ஆண்டு வரை. "பசும்பாறைப் பட்டை" என்பது அங்கே மிகுந்திருக்கும் பாறையால் வந்த பெயர் என்று முதல் பயன்பாட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். (ஃபிக் ட்ரீயை "அத்திமரத் தொகுதி" என்று யாராவது ஆக்குவதற்கு முன்: அது இடப்பெயர். இடப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.)

பா. எழுதியது:

வகுப்பில் நிற்பவரின் பக்கத்திலிருந்து கேட்கிறேன். இந்த மாணவர் கல்லூரிக்குப் போனால் முதல் நாளே "கிரீன்ஸ்டோன்" என்றுதான் கேட்பார். அதையே "கிரீன்ஸ்டோன் பட்டை" என்று எழுதிவிட்டுப் போனால் என்ன? பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் சார்னோக்கைட்டுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயரிட்டார் நிலவியலாளர் ஹாலந்து. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதற்குத் தமிழ்ப் பெயர் நிற்கவில்லை. மக்களுக்கு அது கருங்கல். பக்கத்தில் கிடக்கும் டாலரைட்டும் கருங்கல், நீஸும் கருங்கல். ஊர்ச்சொல் பாறை வகை பார்ப்பதில்லை, வகை பார்க்க வேண்டிய இடத்தில் கலைச்சொல் பன்னாட்டுச் சொல்லாக இருப்பதே நல்லது.

அதோடு, கோலார் தங்கவயல் இருப்பதும் இதே வகைப் பட்டையில்தான். நம் நாட்டுப் பழைய அறிக்கைகள் அதைச் "சிஸ்ட் பட்டை" என்றன. ஆங்கிலத்திலேயே இரண்டு பெயர் புழங்கும்போது மூன்றாவதாக ஒன்றைத் தமிழில் படைத்து யாருக்குப் பயன்?

இ. எழுதியது:

பா. ஐயாவுக்கு: ஆள்பெயரால் வந்த சார்னோக்கைட்டும், பொருள் தெரிந்த கிரீன்ஸ்டோனும் ஒன்றல்ல. முதலாவதை அப்படியே எடுக்க வேண்டும். கோமாட்டி ஆற்றால் பெயர்பெற்ற கோமாட்டியைட் என்ற எரிமலைப் பாறையும் அந்த வகைதான். இரண்டாவது "பச்சை", "கல்" என்ற வெறும் வீட்டுச் சொற்கள். ஆங்கிலப் பிள்ளைக்கு விளங்குவது தமிழ்ப் பிள்ளைக்கு விளங்கக் கூடாதா?

எசுவாத்தினியிலிருந்தே சான்று தருகிறேன். வடமேற்கில் புலெம்புவில் 1939 முதல் 2001 வரை அஸ்பெஸ்டாஸ் எடுத்தார்கள். அதைக் "கல்நார்" என்று நாம் எவ்வளவு இயல்பாகச் சொல்கிறோம்! கல்லும் தெரிகிறது, நாரும் தெரிகிறது. அப்படியொரு சொல் அமைவது அரிதுதான், ஆனால் முயலாமல் அமையாது.

இன்னொன்று. நீங்கள் நிலவியல் என்பதை எங்கள் இலங்கைப் பாடநூல்கள் புவிச்சரிதவியல் என்கின்றன. படிவுப்பாறையை அடையற்பாறை என்கிறோம். கலைக்களஞ்சியம் இரு கரைக்கும் என்றால் அடைப்புக்குள் இவற்றையும் தாருங்கள்.

மு. எழுதியது:

இலங்கை நண்பர் சொன்னது பொன்னானது. ஆனால் கல்நார் எடுத்த பாறைக்கு உங்கள் கட்டுரை என்ன பெயர் தருகிறது? செர்பென்டைன் என்றால் பாம்பைப் போன்றது. "அரவப்பாறை" என்க. "அரவு" என்ற சொல்லின் வேர் பற்றி…

(மீதி 14 வரி வெட்டப்பட்டது. நெறியாளர்.)

…ஆகவே பட்டை, பட்டம், பட்டயம் மூன்றும் "தட்டை" என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. எனவே பட்டை என்பது அகலமும் தட்டையும் குறிக்கும், நீளத்தைக் குறிக்காது. மேகலை வேண்டாமென்றால் "வார்" என்க. பசும்பாறை வார்.

செ. எழுதியது:

வேர் ஆய்வுக்குள் போக நேரமில்லை. பாம்புக்கடிக்கு வைக்கும் பாம்புக்கல்லோடு குழம்பும் என்பதால் அரவப்பாறையும் வேண்டாம். கனிமப் பெயர்களைத் தொடவே வேண்டாம், செர்பென்டைன் இருக்கட்டும்.

ஆனால் "பட்டை"யில் உண்மையான இடறல் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. கட்டுரையில் அங்வென்யா இரும்புச் சுரங்கம் வரும். 40,000 ஆண்டுகளுக்கும் முன்பே மக்கள் காவிக்கல்லும் மினுங்கும் ஹேமடைட்டும் தோண்டிய இடம். 1960களில் நவீனச் சுரங்கம் வந்து, தாதுவை ஏற்ற ரயில் பாதையே போட்டார்கள். அங்குள்ள பாறை பேண்டட் அயர்ன் ஃபார்மேஷன். ந. அதை எப்படி எழுதியிருக்கிறார்?

ந. எழுதியது:

"பட்டை இரும்புப் பாறை" என்று.

செ. எழுதியது:

அதுதான் வினை. "பசும்பாறைப் பட்டையிலுள்ள பட்டை இரும்புப் பாறை". ஒரு பட்டை பல கிலோமீட்டர் அகலம், இன்னொன்று சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் அளவு மனத்தில் குழம்பிவிடும். பெல்ட்டுக்குப் பட்டை என்றால் பேண்டுக்கு வேறு வேண்டும். "வரி" பொருந்தும்: இரும்பு மிகுந்த வரியும் சிலிக்கா மிகுந்த வரியும் மாறிமாறி அமைந்த பாறை. வரியிரும்புப் பாறை. சேலம் கஞ்சமலையில் உள்ள மேக்னடைட் பாறைக்கும் இதே சொல் செல்லும்.

பா. எழுதியது:

"வரியிரும்பு" என்றால் இரும்புக்குப் போடும் வரி என்று படிப்பார்கள்.

இ. எழுதியது:

வரிக்குதிரைக்கு யாரும் சுங்கம் கேட்கவில்லையே ஐயா.

மு. எழுதியது:

வரி என்ற சொல் கிடைத்துவிட்டதால் நைஸ் என்பதற்கும் வழி பிறந்தது. வெளிர் கனிமமும் கரு கனிமமும் மாறிமாறி ஓடும் பாறை அல்லவா? "வரிப்பாறை" என்க. 360 கோடி ஆண்டைத் தாண்டிய பாறைகள் உள்ள ஏன்ஷியன்ட் நைஸ் காம்ப்ளக்ஸ்: "தொல்வரிப்பாறைத் தொகுதி".

செ. எழுதியது:

ஐயா, இப்போதுதான் ஒரு வரியை இரும்புக்குக் கொடுத்தோம். அது படிவாகப் படிந்த வரி, இது வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து, இழுபட்டு வந்த வரி. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணவர் நீஸையும் படிவுப்பாறையில் சேர்ப்பார்.

நைஸ் என்று எழுதவும் வேண்டாம். தமிழில் "நைஸாக அரைத்த மாவு" என்றால் மணி மணியாக இல்லாதது. இந்தப் பாறையோ பருமணியானது. நீஸ் என்று எழுதுங்கள்.

"தொகுதி"யிலும் கவனம். குரூப்புக்கு, அதாவது சேர்ந்து வரும் பாறை அடுக்குகளின் கூட்டத்துக்கு, தொகுதி என்று வைத்தாயிற்று. சூப்பர்குரூப்புக்குப் பெருந்தொகுதி; தெற்கில் உள்ள பொங்கோலா அந்த வகை. காம்ப்ளக்ஸ் இந்த அடுக்கு வரிசையிலேயே சேராது, வெவ்வேறு காலத்துப் பாறைகள் ஊடுருவி, மடிந்து, அடுக்கு பிரிக்க முடியாமல் கிடப்பது. அதற்குத் தனிச்சொல் இல்லாமல் தொகுதி என்றே எழுதினால், ஓன்வர்வாக்ட் போல அடுக்கடுக்காகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் வரும். "கலவை" என்றால் சிமென்ட் கலவை. "பிணையம்" என்றால் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நீஸின் வயதையும் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் 3644±4 மில்லியன் என்றிருந்தால் 364.4 கோடி ஆண்டு, கூடக்குறைய 40 லட்சம். 4ஐ 4 கோடியாக எழுதிவிட்டால் பிழையெல்லை பத்து மடங்காகிவிடும். சிர்க்கான் என்ற கனிமத்தின் மணியில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்துக் கணித்த வயது என்பதையும் விடாதீர்கள். அந்த மணி படிகமான வயது அது, பாறை கடைசியாக மடிந்த வயது அன்று.

ந. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கெடு நெருங்கிவிட்டதால் கீழ்க்கண்டவாறு அனுப்புகிறேன்: பசும்பாறைப் பட்டை (முதல் பயன்பாட்டில் மட்டும் "கிரீன்ஸ்டோன் பெல்ட் என வழங்குவது" என்ற தொடருடன்), வரியிரும்புப் பாறை, நீஸ், கோமாட்டியைட், செர்பென்டைன், கல்நார். படிவுப்பாறைக்கு அருகே அடையற்பாறையும் உண்டு. காம்ப்ளக்ஸுக்கு வேறு வழி தெரியாமல் "பழம்நீஸ்த் திரள்" என்று போட்டிருக்கிறேன். நிலப்படக் குறிப்பில் இடம் போதாததால் அங்கே "ப.பா. பட்டை".

பா. எழுதியது:

என் வாக்கு கிரீன்ஸ்டோன் பட்டைக்கே. பதிவுக்காக எழுதுகிறேன்.

மு. எழுதியது:

"பழம்நீஸ்த்" என்ற புணர்ச்சியை எந்த இலக்கணத்தில் கண்டீர்கள்? நகரம் வரும்போது மகரம் நிற்குமா? கிரந்த மெய்யை அடுத்து வலி மிகுவது எந்த விதியால்? தனி இழையில் எழுதுகிறேன்.