சர்ச் கல்யாணம், பரஸ்பர சம்மதத்தில் டைவர்ஸ்: எத்தனை காலம் பிரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: நாகர்கோவிலில் சர்ச்சில் கல்யாணம். கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது திருவனந்தபுரத்தில். பிரிந்து 14 மாதம். இருவருக்கும் சம்மதம், கணவர் துபாயில். சபையில் திருமண ரத்து வாங்கினால் போதுமா?

பதில் 1: போதாது. சபை ரத்து சபைக்குள் மட்டும்தான். 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரும்.

உங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம், பிரிவு 10ஏ. அதில் எழுதியிருப்பது 2 வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்று. நாகர்கோவிலில் இப்போது மனு போட்டால் 14 மாதம் போதாது என்ற ஆட்சேபம் வரும். கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை 1 வருடமாகக் குறைத்தது, 2022-இல் அந்த 1 வருடத்தையும் நீக்கியது. கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலும் மனு போடலாம் என்பதால் திருவனந்தபுரம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. அங்கே சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தமோ சமையல் கேஸ் இணைப்பு ரசீதோ தேடி எடுத்து வையுங்கள்.

பதில் 2: அக்கா, ஒன்று கவனியுங்கள். அவர் வேலைக்காக வெளிநாட்டில் இருந்தார் என்பதால் மட்டும் அந்தக் காலம் பிரிவுக் கணக்கில் வராது. தம்பதியாக வாழ்வதை நிறுத்திய தேதியை மனுவில் எழுதுங்கள்.

மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் நீதிமன்றத்தில் டைவர்ஸ் கேட்க வேண்டும். அதற்குள் ஒருவர் மனம் மாறினால் மனு விழுந்துவிடும். பெரும்பாலும் நகை விஷயத்தில்தான் சம்மதம் முறியும். 'நகை திருப்பித் தரப்படும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். உருப்படி, பவுன், ஒப்படைக்கும் தேதி மூன்றும் வேண்டும். பேசி முடித்த பணம் டிமாண்ட் டிராப்டாக, இரண்டாவது விசாரணை அன்றே.