எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் இருக்கா, இல்லையா?

கல்லடியான்:
இலங்கையில எந்தக் குடும்பப் பேர் கூட எண்டு காட்டுற பட்டியல் ஒண்டு வட்ஸ்அப்ல சுத்துது. பெரேரா, பெர்னாண்டோ, சில்வா மேல. மட்டக்களப்பு, அம்பாறைப் பேர்களெல்லாம் கீழ சிதறிக் கிடக்குது. எங்களச் சேர்த்ததே பிழை எண்டு சொல்றன். எனக்கு முன்னால நிக்கிறது அப்பாட பேர். என்ட மகனுக்கு முன்னால நிக்கிறது என்ட பேர். ஒரு தலைமுறையோட போற பேர எண்ணி என்ன கணக்கு?

ஸ்காபரோ மருமகன்:
அது ஊர்க்கதை அண்ணன். இஞ்ச கனடாவில என்ட அப்பாட பேர்தான் எனக்கும், மனிசிக்கும், புள்ளைகளுக்கும். நாளைக்கு மகன்ட புள்ளைக்கும் அதேதான். இது குடும்பப் பேர் இல்லாட்டி வேற என்ன?

மண்டூர் வாத்தி:
தம்பி சொல்றது நடக்குது. ஆனா அந்த எண்ணிக்கை எதக் காட்டுது எண்டதுதான் கேள்வி.

டென்மார்க்கிலயும் ஒரு காலத்துல எங்களப்போல அப்பாட பேர்தான் ஓடினது. யென்ஸ்ட மகன் யென்சன், நீல்ஸ்ட மகன் நீல்சன். 19ஆம் நூற்றாண்டில அரசாங்கம் சட்டம் போட்டு, இனி மாத்தேலாது எண்டு நிறுத்திட்டு. அந்த நேரம் ஊர் நிறைய யென்சும் நீல்சும் இருந்ததால இண்டைக்கும் யென்சனும் நீல்சனும் முன்வரிசையில நிக்கிறாங்க. ரெண்டு யென்சன் சந்திச்சா சொந்தமா? பெரும்பாலும் இல்ல. எங்கட கதையும் அதேதான். 1980களில கனடாவுக்குப் போன ஒருத்தர்ட அப்பா கந்தப்போடி எண்டு வைங்க. ஊரில இப்ப ஆரும் புள்ளைக்குப் போடி எண்ட பழைய நிலக்காரப் பட்டத்தோட பேர் வைக்கிறதில்ல. ரொறன்ரோவில அது இன்னும் ரெண்டு மூண்டு தலைமுறை ஓடும். அங்க உறைஞ்சு கிடக்கிறது குடும்பமில்ல, 1920, 30களில எங்கட ஆக்கள் புள்ளைக்கு என்ன பேர் வச்சாங்க எண்ட ருசி.

இன்னொண்டு. எங்கட ஒழுங்கையில மூண்டு சகோதரம் வெளிய போனாங்க. மூத்தவர் விண்ணப்பப் பாரத்தில அப்பாட பேரக் குடும்பப் பேர்ப் பெட்டியில எழுதினார். ரெண்டாமவர்ட சொந்தப் பேரே அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டு. தங்கச்சிக்குப் புருசன்ட பேர். ஒரு வயித்துப் புள்ளைகள், மூண்டு குடும்பப் பேர். பேரப்புள்ளைகள் பட்டியலைப் பார்த்தா அந்நியர்.

படுவான்கரையான்:
இவ்வளவு கதை எதுக்கு? எங்களுக்குக் குடி எண்ட குலம் இரிக்கி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி. தாய்வழியா வாறது, கலியாணம் கட்டினாலும் மாறாது. மட்டக்களப்புப் பக்கத்து முக்குவர் சமூகத்துக்கு இருந்த பழைய சட்டத்தில சொத்தும் மருமக்களுக்கு, அதாவது சகோதரிட புள்ளைகளுக்குத்தான் போனது. 1876 கட்டளைச் சட்டம் அத நிப்பாட்டிட்டு. குடி போகல்ல. ஒரே குடிக்குள்ள இண்டைக்கும் கட்டமாட்டம். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில்லயும் குடி பார்த்துத்தான் மரியாதை. அதப் பாரத்தில போடுங்க, எண்ணுங்க.

ஸ்காபரோ மருமகன்:
போட்டா என்ன வரும்? கொரியாதான் வரும். அங்க ஐஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு மேல கிம். நாலு குடிப் பேர் பாதி மாவட்டத்த மூடும். அதோட, புள்ளைட குடியப் பள்ளிக்கூடத்தில எல்லாரும் வாசிக்கோணுமா? கோயில்ல பெருமை, வெளியில சாதிக் கணக்கு. எனக்கு வேணாம்.

படுவான்கரையான்:
தம்பிக்கு வெக்கம் எண்டா வெக்கம் எண்டு சொல்லும்.

அக்கரைப்பற்று ராத்தா:
சண்டை புடிக்காதீங்க ரெண்டு பேரும். குடி ஒங்களுக்கு மட்டுமில்ல, எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் இரிக்கி, தாய்வழிதான். ஆனா எந்தப் பதிவிலயும் அது இல்ல. பதிவில இரிக்கிற முகம்மதுவ எண்ணினா முழு ஊரும் ஒரே குடும்பம் ஆகிடும்! தாய்வழிய எண்ணோணும் எண்டா பெரியம்மாமார்ட்ட இருந்து கேக்கோணும், கொம்பியூட்டர்ட்ட இல்ல.

வாவிக்கரை:
அப்பன்வழியா உண்மையாவே இறங்கின பேர் பார்க்கோணுமெண்டா மட்டக்களப்புப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேய, ஒல்லாந்த வம்சத்து ஆக்கள்ட பேர்களப் பாருங்க. பார்த்தலோ, ராகல், அவுட்ஸ்கோர்ன். தச்சுப் பட்டறையில அப்பனும் மகனும் ஒரே பேர். பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா போனாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி, பறங்கியர் இருந்த கடற்கரை ஊர் டச்பாரில எத்தனையோ வீட்டக் கொண்டு போயிட்டு. அந்தப் பேர் குறைஞ்சா ஆக்கள் குறைஞ்சதாத்தான் அர்த்தம்.

ஆனா ஆக்கள் குறையாமலும் பேர் சாகும். இத 1870களில இங்கிலாந்தில கால்ட்டன் எண்ட ஆய்வாளர் கேள்வியாக் கேட்டார், வாட்சன் எண்டவர் கணக்குப் போட்டார். பொம்புளப் புள்ள மட்டும் பொறந்த வீட்டில பேர் அறும். வாட்சன் எல்லாப் பேரும் ஒரு நாள் அறும் எண்டு முடிச்சிட்டார், அது பிழை. ஒரு வீட்டுக்கு சராசரி ஒரு ஆம்புளப் புள்ளைக்கு மேல இருந்தா சில பேர் தப்பும். எது தப்பும் எண்டது அதிர்ஷ்டம். அதனால அபூர்வமான பேர் எண்டா பெரிய பரம்பரை எண்டு நினைக்காதீங்க.

கல்லடியான்:
பறங்கியருக்குச் சரி. எங்களுக்கு நான் சொன்னதிலதான் நிக்கிறன். ஒரே பட்டியலில ரெண்டு விதமான பேரையும் கலந்து வரிசை போட்டவனுக்கு ஒண்டும் விளங்கல்ல.

மண்டூர் வாத்தி:
கலந்தது பிழைதான். வீசாதீங்க, பிரிச்சுப் பாருங்க. ஆரிட்டயாவது பழைய பள்ளிக்கூட இடாப்பு இருந்தா தகப்பன் பேர் வரியை மட்டும் பத்து வருசத்துக்கு ஒருக்கா எண்ணி இஞ்ச போடுங்க. போடி எப்ப நிண்டது, கந்தையா எப்ப நிண்டது எண்டு அதில தெரியும். முழுப் பேர், விலாசம் ஒண்டும் போட வேணாம். படுவான்கரை, நீங்க குடியையும் சேர்த்து எழுதப் பார்ப்பீங்க, இடாப்பில அது இரிக்காது.

படுவான்கரையான்:
இடாப்பில இல்லாட்டி என்ன, எங்கட கோயில் நிர்வாகி வண்ணக்கர்ட்ட இரிக்கி. கேட்டுப் போடுறன்.