ஸ்டீம்பங்க் பேனா: கியருக்கு அடியில் குமிழி, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். கோவையில் வீட்டு மாடியில் சின்ன லேத் வைத்து, கடிகாரப் பல்சக்கரம் பதித்த ஸ்டீம்பங்க் (பழைய இயந்திர பாணி) பேனா கடைகிறேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சியரா வகை கிட் (பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய தொகுப்பு), ஒற்றைப் பித்தளைக் குழாய். குழாய்க்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, பழைய கைக்கடிகாரங்களின் பல்சக்கரங்களைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி, சிலிக்கான் அச்சில் வைத்துத் தெளிந்த எபாக்ஸி ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றுகிறேன். அச்சிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கடைந்து 13 மி.மீ.க்கு வந்ததும்தான் தெரியும்: ஒவ்வொரு சக்கரத்தின் பல்லிடுக்கிலும் கடுகில் பாதி அளவு வெள்ளைக் குமிழி. பாலிஷ் போட்டால் இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. இதுவரை ஏழு பேனா வீண். (கடிகாரக் கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிக்கிறார்.)

ரெசினை வெந்நீரில் வைத்து இளக்கிப் பார்த்தேன். கலக்கியபின் வேக்குவம் போட்டுக் காற்றை உறிஞ்சினேன். சக்கரங்களை அசிட்டோனில் கழுவினேன். அப்புறம் பிரஷர் பாட் (காற்றழுத்தத்தால் குமிழியைச் சுருக்கும் கலம்) வாங்கி 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையிலும் முள் 38-இல்தான் நின்றது, கசிவு இல்லை. குமிழி குறைந்தது, போகவில்லை. சக்கரம் குழாயின் வளைவில் முழுதாகப் படியாமல், அடியில் காற்று சிக்குகிறது என்பது என் சந்தேகம்.

சக்கரங்களை ஒட்டியதும் பிரஷால் மெல்லிய ரெசின் பூச்சு கொடுத்து இறுகவிட்டு, அதன்மேல் ஊற்றினால் இந்தக் குமிழி வராமல் இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.