புது போனைத் திருப்பிக் கொடுக்கலாமா? இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஐந்து வருடம் உழைத்த பழைய போன் மிகவும் மெதுவாகிவிட்டதால் நான்கு நாள் முன்பு புதிது ஒன்று வாங்கினேன். பல மாதம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பெட்டியைப் பிரித்த அன்று இருந்த சந்தோஷம் இப்போது இல்லை. வாங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லில் இருக்கிறது.

பிரச்சினைகள் நான்கு. காலையில் நூறு சதவீதத்தோடு எடுத்தால் மாலை நான்கு மணிக்கு இருபதுக்கு வந்துவிடுகிறது, பின்பக்கமும் சூடாகிறது. இரவில் எடுக்கும் படங்களில் முகம் மெழுகு பூசியதுபோல் வருகிறது, விளக்கைச் சுற்றிப் புகை மூட்டம். அழைப்பில் பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு மியூட் ஆகிவிடுகிறது. நான்காவதுதான் எனக்கு அதிகக் கவலை: இரவில் படுத்துக்கொண்டு கால் மணி நேரம் படித்தாலே கண் கூசி, நெற்றிப்பொட்டில் வலி தொடங்குகிறது. பழைய போனில் மணிக்கணக்கில் படித்திருக்கிறேன், இப்படி வந்ததே இல்லை. அது எல்சிடி திரை, அதாவது பின்னால் விளக்கு எரியும் வகை. இது ஓஎல்இடி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை.

இதெல்லாம் பழகினால் சரியாகிவிடுமா, இல்லை போனிலேயே குறையா? வீட்டில் சிலர் "புதுசு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அவசரப்பட்டுத் திருப்பிவிட்டு வருந்தவும் விருப்பமில்லை, பொறுத்துப் பொறுத்து நாள் கடந்துவிடவும் விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முதல் பதில்

பேட்டரியை மட்டும் வைத்து இப்போதே முடிவு எடுக்காதீர்கள், நான்கு நாள் போதாது. பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றியிருப்பீர்கள். புது போன் அந்தப் படங்களை எல்லாம் இறக்கி, அதில் யார் யார் முகம் என்று பிரித்து வைக்கும். செயலிகளைத் தன் சிப்புக்கு ஏற்றபடி மறுபடி தயார்செய்யும். நடுவில் ஒரு அப்டேட் வந்திருந்தால் அந்த வேலை இன்னொரு முறை நடக்கும். முதல் சில நாள் சூடும் வேகமாக இறங்கும் சார்ஜும் பெரும்பாலும் இதனால்தான். இரவு வைஃபை போட்டு, சார்ஜிலேயே விட்டுவிடுங்கள். பாதி வேலை அப்போது முடிந்துவிடும்.

அதோடு செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒரு செயலி என்றால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். மொபைல் நெட்வொர்க் மேலே நின்றால் கதை வேறு. போன் விவரம் என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் மோசம். டவர் எட்டாத இடத்தில் போன் தன் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது சுமார் 200 மில்லிவாட் சக்தியில் அனுப்பும். பக்கத்தில் டவர் இருந்தால் அதில் ஒரு சிறு பங்கே போதும். 5ஜி அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவுவதும் பேட்டரியைக் குடிக்கும். ஒரு நாள் முழுக்க 4ஜி மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

போனே பழுதா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இது: தூங்கும் முன் ஏரோப்ளேன் மோடு போட்டு, சார்ஜில் போடாமல் வைத்துவிட்டு, காலையில் பார்ப்பேன். ஓரிரண்டு சதவீதம் இறங்கினால் பேட்டரி நலமாக இருக்கிறது. பத்து, பதினைந்து போயிருந்தால் பொறுக்க வேண்டாம், திருப்பிவிடுங்கள்.

இரண்டாம் பதில்

உங்கள் நான்காவது பிரச்சினையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இதே வலி வந்தது. மூன்று வாரம் கண்ணாடியைக் குறை சொன்னேன், தூக்கத்தைக் குறை சொன்னேன், அதற்குள் திருப்பும் நாள் போய்விட்டது.

நடப்பது இதுதான். பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, விளக்கை மங்கலாக எரிப்பதற்குப் பதிலாக வேகமாக அணைத்து அணைத்து எரிக்கின்றன. பிடபிள்யூஎம் என்பார்கள். நொடிக்கு 240 முறை, 480 முறை என்று பல போன்களில் இருக்கும். சிலவற்றில் 1920, 2160, 3840 வரைக்கும் போகிறது. கண்ணுக்கு இது சிமிட்டலாகத் தெரியாது. ஆனாலும் சிலருக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் வருகிறது. வெளிச்சம் குறைவாக வைக்கும்போது அணைந்திருக்கும் நேரம் கூடுவதால் இரவில்தான் தொந்தரவு அதிகம். உங்களுக்கும் இரவில்தான் வலிக்கிறது என்கிறீர்கள். எல்இடி விளக்குகளின் சிமிட்டலைப் பற்றி ஐஇஇஇ என்ற மின்பொறியாளர்கள் அமைப்பு 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரையும் இதே திசையில்தான் சொல்கிறது: சிமிட்டும் வேகம் கூடக் கூட உடலுக்குத் தொந்தரவு தரும் வாய்ப்பு குறையும்.

பழைய போன் கையில் இருக்கிறதா? அதன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்றும் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி பக்கம் வையுங்கள். புது போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, பழையதால் பாருங்கள். அகலமான கருப்புப் பட்டைகள் வரிசையாக ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மெல்லிய ஒரே ஒரு கோடு மட்டும் நகர்ந்தால் அது திரை புதுப்பிக்கப்படும் கோடு, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அப்புறம் செட்டிங்ஸில் டிசி டிம்மிங் அல்லது சிமிட்டல் குறைப்பு என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு, கூடுதல் மங்கல் வசதியால் திரையை இருட்டாக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து அந்த வசதி வந்தது. அது படத்தின் மேல் ஒரு கருப்பு அடுக்குப் போடுவதுபோல வேலை செய்வதால் சிமிட்டலைக் கூட்டாது. நீல ஒளி வடிகட்டியால் பயன் இல்லை. அது நிறத்தைத்தான் மாற்றும்.

மூன்று நாள் இப்படி முயன்றும் வலி நிற்கவில்லை என்றால் தயவுசெய்து "பழகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் பழகவே இல்லை. இன்னொன்று முக்கியம்: அதே மாடலில் வேறு போன் மாற்றித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதிலும் அதே திரைதான் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

மூன்றாம் பதில்

கேமராவுக்கு இரண்டு கேள்வி. லென்ஸ் மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? படத்தை 50 மெகாபிக்சல் மோடில் எடுக்கிறீர்களா?

விளக்கைச் சுற்றிப் புகை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் லென்ஸ் மேல் இருக்கும் படலமோ விரல் எண்ணெயோதான். போனோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டுவிடுவார்கள். தனியாக வாங்கி ஒட்டும் கேமரா கண்ணாடியும் அதையே செய்யும், ஒளி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் எதிரொலிப்பதுபோல முட்டி முட்டித் திரும்பும். உரித்துவிட்டு, மென்மையான துணியால் துடைத்து, அதே விளக்கை மறுபடி எடுங்கள்.

50 மெகாபிக்சல் சென்சார் இரவில் நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருவதற்காகச் செய்யப்பட்டது. நான்கு புள்ளி சேரும்போது ஒளி அதிகம் கிடைக்கிறது. முழு 50-ஐயும் இருட்டில் கேட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி போதாமல் புள்ளி புள்ளியாக வரும். அதை மறைக்க மென்பொருள் தேய்க்கும், முகம் மெழுகாகிவிடும். சாதாரண மோடுக்கு மாறுங்கள். அதற்குப் பிறகும் மெழுகாகவே இருந்தால் அது இந்த மாடலின் மென்பொருள் ரசனை. அப்டேட்டில் மாறலாம், மாறாமலும் போகலாம். வரப்போகும் அப்டேட்டை நம்பிப் போனை வைத்துக்கொள்வதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்று கையில் இருக்கும் போனுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

நான்காம் பதில்

அழைப்பில் திரை அணையாததற்கு: டெம்பர்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். கன்னம் பக்கத்தில் வருவதை உணர மேல் விளிம்பில் இருக்கும் சென்சாரை அது மூடியிருக்கலாம். சில மாடல்களில் தனிச் சென்சாரே கிடையாது, காதுப்பக்க ஸ்பீக்கரிலிருந்து காதுக்குக் கேட்காத மீயொலி அனுப்பி எதிரொலியை வைத்துத்தான் கன்னம் பக்கத்தில் இருக்கிறதா என்று கணிக்கும். அப்படிப்பட்டது என்றால் அவ்வப்போது தவறும், முழுதாகச் சரியாகாது.

ஐந்தாம் பதில்

மற்றவர்கள் சோதனைகளைச் சொல்லிவிட்டார்கள். நான் நாள் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு நாள் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கடைசி நாளில் கோரிக்கை வைத்து, அது விடுமுறை நாளாக இருந்து, பதிலே வராமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏழாம் நாள் இரவுக்குள் முடிவு எடுத்துவிடுங்கள்.

அதற்கு முன், இன்றே, விதியை வரி வரியாகப் படியுங்கள். மனம் மாறினாலும் திருப்பலாம் என்று இருக்கிறதா, பழுது இருந்தால் மட்டும்தானா? பணம் தருவார்களா, மாற்றுப் போன் மட்டும்தானா? பழுது இருந்தால் மட்டும் என்று இருந்தால், ஆள் வந்து பார்த்துவிட்டு "போன் சரியாகத்தான் வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டுப் போக முடியும். கண்வலியை அவர்களால் அளக்க முடியாதே. அதனால் கருப்புப் பட்டை தெரியும் வீடியோ, அழைப்பில் திரை எரியும் வீடியோ, பேட்டரி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

பெட்டி, சார்ஜ் வயர், சிம் ஊசி, உள்ளே இருந்த காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடவில்லையே?

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பழைய போன் என்னிடமேதான் இருக்கிறது. இன்று ஆறாம் நாள். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பேட்டரி: ஏரோப்ளேன் மோடில் இரவு முழுக்க இரண்டு சதவீதம்தான் இறங்கியது. என் அலுவலக மேசையில் சிக்னல் மைனஸ் 113. 4ஜி மட்டும் வைத்தபோது நேற்று மாலை நான்கு மணிக்கு 46 சதவீதம் இருந்தது. சூடும் குறைந்துவிட்டது.

கேமரா: கவர் வாங்கியபோது கேமரா மேல் ஒரு கண்ணாடியும் ஒட்டித் தந்தார்கள். உரித்ததும் புகை போய்விட்டது. 50 மெகாபிக்சல் மோடில் எடுத்ததும் உண்மைதான், அதுதான் உயர்ந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது படம் நன்றாகவே வருகிறது.

அழைப்பு: கிளாஸைக் கழற்றிய பிறகு பத்தில் ஒன்பது முறை சரியாக அணைகிறது.

கண்தான் மாறவில்லை. பழைய போனால் பார்த்தபோது அகலமான பட்டைகள் தெளிவாக ஓடின. சிமிட்டல் குறைப்பு என்று எதுவும் செட்டிங்ஸில் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி, கூடுதல் மங்கல் போட்டு இரண்டு இரவு படித்தேன். கால் மணிக்குப் பதில் அரை மணி தாங்குகிறது, பிறகு அதே வலி. நேற்று அதே கட்டுரையைப் பழைய போனில் ஒரு மணி நேரம் படித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு நல்ல போனை இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்புவதா என்று மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் பதில் எழுதியவர்

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அந்தத் திரையைப் பார்ப்பீர்கள்? கேமராவைச் சில நிமிடம், அழைப்பைச் சில நிமிடம். திரையை எல்லா நேரமும். மற்ற மூன்றும் சரியான பிறகும் இது நிற்கிறது என்றால் இது செட்டிங்ஸில் தீராதது. திருப்பிவிடுங்கள். கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள், பவர் மாறியிருந்தால் அதுவும் சேர்ந்து வலியைக் கூட்டும். ஆனால் அதற்காகத் திருப்பும் நாளைத் தள்ளாதீர்கள்.

அடுத்ததை வாங்கும்முன் நேரில் கையில் எடுத்து, வெளிச்சத்தை முழுதாகக் குறைத்து, பத்து நிமிடம் எதையாவது படித்துப் பாருங்கள். எல்சிடி திரையோடு வரும் போன்களும் இன்னும் இருக்கின்றன.

முதல் பதில் எழுதியவர்

திருப்பினால் அழிக்கும் முறையில் கவனம். முதலில் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். ஓடிபி உருவாக்கும் செயலி வைத்திருந்தால் அதைப் பழைய போனுக்கு மாற்றி, அங்கே எண் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதியும் சிம், போட்டிருந்தால் அதையும் பழைய போனுக்கோ சாதாரண சிம்முக்கோ மாற்றுங்கள். அடுத்து கூகுள் கணக்கை செட்டிங்ஸிலிருந்து நீக்குங்கள், திரைப் பூட்டையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டுப் பாதுகாப்புக்காக ஒரு பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி வழியாக அழித்தால் போன் மறுபடி உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கும். அப்படிப் பூட்டிய போனை வாங்க மறுக்கலாம்.

கேட்டவர்

இன்று காலை கோரிக்கை வைத்துவிட்டேன். முதலில் அதே மாடல் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இந்தத் திரை வகைதான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொன்று வந்தாலும் இதே நிலைதான் என்று சொல்லி, பட்டை ஓடும் வீடியோவை அனுப்பினேன். மாலையில் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புதல் வந்தது. நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

பேக்கப் முடிந்தது, ஓடிபி செயலி பழைய போனில் வேலை செய்கிறது. கூகுள் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, மொழி கேட்கும் முதல் திரை வரும்வரை பார்த்துவிட்டு அணைத்தேன். பழைய போனின் சேமிப்பில் பாதியைக் காலி செய்ததில் அதுவும் கொஞ்சம் வேகமாகிவிட்டது. அடுத்ததைத் தேடும்வரை இதிலேயே படித்துக்கொள்கிறேன்.