அப்பாவின் டோர்ச் பெட்டரி சூடாகிறது, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. நானுஓயாப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு பெக்டரியில் இரவுக் காவல். அவருடைய தலை டோர்ச்சில் போடுவது 18650 லித்தியம் பெட்டரி. நேற்று சார்ஜரிலிருந்து கழற்றியபோது கை சுட்டது. பிளஸ் முனைக்குப் பக்கத்தில் உறை நகமளவு கிழிந்து உள்ளே தகரம் தெரிகிறது. அந்தத் தகரம் முழுக்க மைனஸ்தானே, பிளஸ்ஸோடு உரசினால் ஷோர்ட் ஆகிவிடும். பயந்துபோய் மண்சட்டியில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிற்க வேண்டும். எங்கள் சார்ஜரில் பச்சை லைட் எரியவே இல்லை. இனி இந்தப் பெட்டரியை வீசத்தான் வேண்டுமா? எங்கே கொடுப்பது? தானாக நிற்கும் நல்ல சார்ஜர் ஹட்டன், நுவரெலியாவில் எந்தக் கடையில் கிடைக்கும்? விடியற்காலைப் பனியில் ஜில்லென்று வரும் பெட்டரியை உடனே சார்ஜ் போடலாமா? அனுபவமுள்ள அண்ணாமார் யாராவது சொல்லுங்கள், இன்றிரவும் அப்பா வேலைக்குப் போக வேண்டும்.