ஆச்சியிடம் வளரும் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிப்போகலாமா?

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. இரண்டரை வயது மகன் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி தாத்தாவோடு, அதாவது என் அத்தை மாமாவோடு இருக்கிறான், எங்கள் இருவருக்கும் சென்னையில் வேலை. அத்தை திண்ணையில் உட்காரவைத்துக் காக்காய் காட்டிப் பருப்புச்சோறு ஊட்டுகிறார், சாயங்காலம் தாத்தாவோடு ஆற்றங்கரைக்குப் போகிறான், இந்த வளர்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் வீடியோ காலில் என்னைப் பார்த்ததும் ஆச்சி முந்தானைக்குள் ஒளிகிறான், மனசு தாங்கவில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் இல்லை. யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா, எப்படி?

அப்புறம், பெரியவர்களையும் சென்னைக்குக் கூட்டிப்போனவர்கள் சொல்லுங்க, அவர்களுக்கு அங்கே ஒத்துப்போனதா? நெல்லைப் பக்கம் கணக்குப் பிரிவில் வேலை இருந்தாலும் சொல்லுங்க, ஊருக்கே வந்துவிடவும் தயார்.